டோனா வந்த வழி

களக்காட்டுக்கும் ஏர்வாடிக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது டோனாவூர். நெல்லைச் சீமையில் மிஷனரிமார் காலத்தில் பெயர் பெற்ற ஊர்கள் பல. நாசரேத் வேதாகமத்திலிருந்து வந்தது. டோனா எங்கிருந்து வந்தது?

ஜெர்மனியின் சாக்சனியில், டிரெஸ்டன் நகருக்குத் தென்கிழக்கே உள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. அங்கிருந்த மலைக்கோட்டையைப் பற்றி 1040-லேயே ஏடுகளில் குறிப்பு உண்டு. கோட்டையை ஆண்டவர்கள் ஊர்ப்பெயரையே குடிப்பெயராக்கிக் கொண்டார்கள். மைசன் பகுதியை ஆண்டவர்களோடு மூண்ட நெடும்பகையில் 1402-இல் கோட்டை விழுந்தது, ஊர் பறிபோனது. பெயரை மட்டும் அவர்கள் விடவில்லை. குடும்பத்தின் ஒரு கிளை பிரஷ்யாவில் வேரூன்றி, ஷ்லோபிட்டன், ஷ்லோடியன் என்ற பெரும்பண்ணைகளை ஆண்டது. ஊரை இழந்ததால்தான் பெயருக்குக் கால் முளைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே பிரஷ்யாவில் 1790-இல் பிறந்தவர் மிஷனரி ரேனியஸ் ஐயர். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து, தமிழில் ஆழ்ந்து, இலக்கணம் எழுதினார். ‘பூமி சாஸ்திரம்’ என்று புவியியல் நூலும் எழுதினார். உலகப் படத்தைத் தமிழருக்கு விரித்துக் காட்டிய அவரே நம் படத்திலும் ஒரு புதுப்பெயரை எழுதினார். ஷ்லோடியன் பிரபுவான டோனா அனுப்பிய பணத்தில் 1827-இல் இங்கே கிறிஸ்தவர்களுக்கென ஓர் ஊர் அமைந்தது. கொடுத்தவர் பெயரோடு நம் ‘ஊர்’ சேர்ந்து டோனாவூர் ஆயிற்று.

பெயர் வேறு திசைகளிலும் போயிருக்கிறது. கோனிக்ஸ்பர்க் நகரின் கோட்டைக் கோபுரம் ஒன்றுக்கு அந்தக் குடும்பத்துத் தளபதி ஒருவரின் பெயரை வைத்தார்கள். அந்த நகரம் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். டோனா கோபுரத்தில் அம்பர் அருங்காட்சியகம் நடக்கிறது. முதல் உலகப் போரில் ‘மேவே’ கப்பலின் தலைவராகக் கடலைக் கலக்கிய நிக்கோலாஸ் டோனாவும் ஷ்லோடியன் கிளையைச் சேர்ந்தவர்தான். 1945-க்குப் பின் அந்தப் பண்ணைகள் போலந்துக்குப் போயின. ஷ்லோடியனுக்கே இப்போது போலிஷ் பெயர்.

டோனாவூரின் பெயரோ உலகமெங்கும் பரவியது. அதற்குக் காரணம், பிரபு குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் அயர்லாந்துப் பெண். 1901 முதல், கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த சிறுமிகளை மீட்டு இங்கே வளர்த்தார் ஏமி கார்மைக்கேல். 1951-இல் இறக்கும்வரை டோனாவூரிலேயே இருந்தார். அவர் எழுதிய புத்தகங்கள் அந்தப் பெயரை ஐரோப்பிய வீடுகளுக்குள் கொண்டுபோயின. இம்முறை அது தமிழ்நாட்டு ஊர் ஒன்றின் பெயராகப் போயிற்று.