பியானோவின் சுத்தியல்கள்

வீணையின் தந்தியை விரல் மீட்டுகிறது. வயலினின் தந்தியை வில் தேய்க்கிறது. பியானோவின் தந்தியையோ சுத்தியல் தட்டுகிறது. வாசிப்போர் ஒரு கட்டையை அழுத்தியவுடன், உள்ளேயுள்ள சிறு சுத்தியல் எழுந்து தந்தியைத் தட்டிவிட்டு, நொடிப்பொழுதில் மீண்டுவிடும். தந்திகள் கிடையாக நீண்டு கிடக்கும் பெரிய கருவியைக் கிராண்ட் பியானோ என்பர். பொதுவாக அதில் 88 கட்டைகளும், அவற்றிற்கேற்ப 88 சுத்தியல்களும் உண்டு. கருவியின் குரல் இனிமையாக இருப்பது பெரிதும் இச்சுத்தியல்களைப் பொறுத்ததாகும்.

பியானோவை முதன்முதல் ஆக்கியவர், இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரில் வாழ்ந்த பார்த்தொலொமேயோ கிறிஸ்தொபோரி என்பவர். 1700ஆம் ஆண்டையொட்டி இக்கருவி தோன்றியது. அவர் 1726இல் செய்த பியானோ ஒன்று ஜெர்மனியின் லைப்சிக் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் சுத்தியல் தலைகள் காகிதச் சுருளின்மீது தோல் ஒட்டப்பெற்றவை. பின்னர், 1826இல் பாரிஸ் நகரத்துக் கைவினைஞரான பாப் என்பவர், தோலுக்கு மாறாக அழுத்திய கம்பளியைப் பயன்படுத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். நாளடைவில் அம்முறையே எங்கும் பரவிற்று.

மரத்தாலான அச்சின்மீது தடித்த கம்பளியை இழுத்து, வளைத்து, அழுத்தி ஒட்டுவர். இதனால் சுத்தியல் பந்துபோல் துள்ளும் தன்மையைப் பெறுகிறது. எனினும், எஃகுத் தந்திகளில் ஓயாது மோதுவதால் கம்பளியின் நுனியில் பள்ளங்கள் விழுகின்றன; நுனி இறுகி ஒலி கடுமையாகிறது. உப்புத்தாளால் தேய்த்துப் பள்ளங்களைப் போக்கலாம். ஆனால், ஒவ்வொரு முறையும் கம்பளி மெலியும். அந்துப்பூச்சி அரிப்பதும் உண்டு. முடிவில், புதிய சுத்தியல்களைப் பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே, பழைய பியானோவை வாங்குவோர், அதன் சுத்தியல்கள் முதலில் இருந்தவையா, பின்னர் மாற்றப்பட்டவையா என்று அறிதல் வேண்டும். கருவியில் பொறித்த வரிசை எண்ணைக் கொண்டு அது செய்யப்பட்ட ஆண்டைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். நூறாண்டு பழகிக் கட்டைகள் தேய்ந்திருக்க, கம்பளி மட்டும் தடித்துப் பள்ளமின்றி இருந்தால், அது பிற்காலத்ததாகலாம். தண்டில் பழைய பசையின் தடம் இருக்கலாம். பழுத்த நிறமுடைய மரங்களுக்கிடையே புதுத் தண்டுகள் வெளுத்துத் தோன்றலாம். முதற் சுத்தியலிலோ இறுதிச் சுத்தியலிலோ செய்தவர் முத்திரை காணப்படுவதும் உண்டு. ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாது, பலவற்றை ஒப்புநோக்குதல் நன்று. சுத்தியல் தொகுதியை வெளியே இழுக்கும்பொழுது எக்கட்டையும் அழுந்தலாகாது; அழுந்தினால் சுத்தியல் எழுந்து மேலுள்ள மரத்தில் மோதித் தண்டு முறியும். எனவே, இது பழகிய கைகள் செய்யவேண்டிய பணியாகும்.

சுத்தியல்கள் மாற்றப்பட்டவை என்பதனால் மட்டும் கருவி தாழ்ந்ததாகாது. அவை அக்கருவிக்குப் பொருந்துகின்றனவா என்பதே வினா. முதலாவது, அளவு. தந்தியைத் தொடும் கணத்தில் சுத்தியல் தலை ஏறத்தாழ நேர்குத்தாக நிற்றல் வேண்டும். தலை நீண்டோ குறுகியோ இருப்பின் அடி சாய்வாக விழும். தாழ்ந்த சுரங்களிலும் நடுச்சுரங்களிலும், தந்தியின் நீளத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு தொலைவில் அடி விழுவது வழக்கம். உச்ச சுரங்களில் இவ்விடம் சிறிது விலகினாலும் ஒலி மங்கிவிடும்.

இரண்டாவது, எடை. சுத்தியலில் ஒரு கிராம் கூடினால், கட்டையின் முனையில் விரல் ஏறத்தாழ ஐந்து கிராம் கூடுதலாக அழுத்த நேரிடும். பழைய பியானோக்கள் பலவற்றின் சுத்தியல்கள் இலேசானவை. அவற்றில் கனத்த சுத்தியல்களைப் பூட்டினால், வாசிப்போர் விரல்கள் விரைவில் சோர்ந்துபோகும்.

மூன்றாவது, கம்பளியின் பதம். மிக மென்மையானால் ஒலி மழுங்கும். மிக வன்மையானால் காதைக் குத்தும். வன்மையானதை ஊசியால் குத்தி இளக்குவர்; மென்மையானதை மெருகெண்ணெய் போன்ற நீர்மம் ஊட்டி இறுக்குவர். இதனைச் சோதிக்கும் வழி எளிது. ஒரே கட்டையை மெல்லவும், சற்று ஓங்கியும், வலிந்தும் அழுத்திக் கேட்டல் வேண்டும். நல்ல சுத்தியல் ஒலியின் அளவை மட்டுமன்றி அதன் நிறத்தையும் படிப்படியாக மாற்றும். அடுத்தடுத்த கட்டைகளின் குரலும் ஒத்திருத்தல் வேண்டும்.

தேர்ந்த கைவினைஞர் பழைய சுத்தியல்களைக் கழற்றுமுன் அவற்றின் நீளத்தையும் எடையையும் குறித்துக்கொள்வர். சிலவற்றைக் கருவியோடு பாதுகாத்தும் வைப்பர். அக்கருவி முதலில் எவ்வாறு பேசிற்று என்பதற்கு அவையே சான்று. அச்சான்றை இழந்தால், பின் வருவோர் ஊகித்தே வேலை செய்ய நேரிடும். கம்பளியின் புதுமையைக் கண்டு மகிழ்வதினும், அளந்தும் நிறுத்தும் செவிகொண்டு கேட்டும் முடிவு செய்வதே அறிவுடைமையாகும்.