புது போன் வருதாம்... காத்திருக்கலாமா?

"மச்சான், இப்போ வாங்காத. அடுத்த மாசம் புது மாடல் வருதாம்!"

இந்த வசனத்தைக் கேட்காதவங்க நம்ம காலேஜ்ல யாராவது இருக்கீங்களா? இதை நம்பி நான் ஆறு மாசம் காத்திருந்தேன். அந்தக் கணக்கு எங்கே தப்பாச்சுன்னு சொல்றேன், நீங்களாவது தப்பிச்சுக்கங்க.

நான் தேர்ட் இயர் படிக்கும்போது என் பழைய போனோட பேட்டரி போச்சு. அப்போ எங்கே பார்த்தாலும் 'ஐபோன் எஸ்இ 4' பேச்சுதான். 2022-ல் வந்த எஸ்இ-யோட ஆரம்ப விலை 43,900 ரூபாய். புதுசும் அதை ஒட்டித்தான் இருக்கும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்துல நெல்லு போட்டதும் வாங்கித் தர்றேன்னு அப்பாவும் சொல்லிட்டார்.

2025 பிப்ரவரி 19 அன்று போன் அறிமுகமாச்சு. பின்னாடி ஒரே கேமரா, ஃபேஸ் ஐடி, ஓஎல்இடி திரை என்று லீக்கில் சொன்னது பெரும்பாலும் சரிதான். மாறிப்போனது பெயரும் விலையும்: ஐபோன் 16இ, 59,900 ரூபாய்! அந்த சீசன்ல அரசு கொள்முதல் விலை சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். வகுத்துப் பார்த்தேன், 24 குவிண்டாலைத் தாண்டுது. எங்க வயல்ல ஒரு ஏக்கர் நல்லா விளைஞ்சாலே அவ்வளவுதான் வரும். அப்பாகிட்ட கேட்க எனக்கு வாய் வரல.

லீக்கில் பாகங்கள் சரியா இருந்து, விலை மட்டும் ஏன் தப்பாகுது? திரை, கேமரா செய்யும் கம்பெனிகளுக்கும், கவர் தயாரிக்கிறவங்களுக்கும் அளவு விவரம் முன்னாடியே போயாகணும். இந்தியாவில் விற்க பிஐஎஸ் பதிவும் வேணும், அங்கிருந்து மாடல் நம்பர் வெளியே வரும். ஆனா விலை அப்படி நாலு பேர் கைக்குப் போற விஷயம் இல்ல. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான்ல ஐபோன் அசெம்பிள் பண்ற நம்ம ஊர் அக்காகிட்ட கேட்டாலும் சொல்ல முடியாது. ஆனா நாம காத்திருக்கிறதே அந்த விலைக்காகத்தானே!

காத்திருக்கிறது நம்ம டெல்டாவுக்குப் புதுசு இல்ல. மேட்டூர் திறக்க ஜூன் 12-ன்னு வழக்கமான தேதியே இருக்கு. இருந்தும் 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தாங்க. அதனால அப்பா தேதியை மட்டும் நம்ப மாட்டார். 120 அடி அணையில் இன்னிக்கு எத்தனை அடி தண்ணி நிக்குதுன்னு பார்த்துத்தான் நாத்து விடுவார். பம்புசெட் இருக்கிறவங்க அதுக்கும் காத்திருக்க மாட்டாங்க.

போனுக்கும் இதே மாதிரி யோசிக்கலாம்.

ஒன்று, விலை குறையும்னு முன் அனுபவம் இருக்கா? 2024 செப்டம்பர்ல ஐபோன் 16 வந்ததும் ஐபோன் 15 விலை 79,900-லிருந்து 69,900 ஆச்சு. 2025 செப்டம்பர்ல 17 வந்தப்போ 16-க்கும் அதே 10,000 குறைஞ்சது. ஆகஸ்ட்ல வாங்கப் போறவங்க ஒரு மாசம் பொறுக்கலாம். ஜனவரியிலிருந்தே உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம்.

இரண்டு, செய்தி உறுதியானதா? 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறினப்போ மொபைலும் மலிவாகும்னு எங்க கிளாஸ்ல பாதிப் பேர் காத்திருந்தாங்க. பெரிய டிவி, ஏசிக்கு 28-லிருந்து 18 சதவீதமாச்சு. மொபைலுக்கு முன்னாடியும் 18, இப்பவும் 18.

மூணு, கையில இருக்கிற போன் அதுவரை தாங்குமா? பேட்டரி மட்டும்தான் பிரச்சினைன்னா முதல்ல அதை மாத்துங்க. அதுவே ஒரு வருஷம் ஓட்டிடும்.

இந்த மூணாவது கேள்வியைத்தான் நான் கேட்டுக்கல. அந்த ஜனவரியில ஒரு இன்டர்ன்ஷிப் ஆன்லைன் டெஸ்ட். ஓடிபி வர்ற நேரத்துல போன் ஆஃப். திரும்ப ஆன் ஆகிறதுக்குள்ள லாகின் நேரம் முடிஞ்சிடுச்சு. பேட்டரி மாத்தியிருந்தா அந்த டெஸ்ட் எழுதியிருப்பேன்.

மார்ச்ல 20,000-க்குள்ள ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். இதை டைப் பண்றதும் அதுலதான். நேத்து ஜூனியர் ஒருத்தன் வந்து, "அண்ணா, அடுத்த மாடல் பயங்கரமா இருக்குமாம், வெயிட் பண்ணவா?"ன்னு கேட்டான். "உன் போன்ல சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்குது?"ன்னு கேட்டேன்.