அரசனில்லாத ஆட்டமும் ஒரு சிறு கடையும்

தமிழிலே ‘கோ’ என்றால் அரசன் என்பது பொருள். ஆயின், ‘கோ’ என யப்பானியர் வழங்கும் ஆட்டத்திலோ அரசனுமில்லை; யானையும் குதிரையும் இல்லை. கறுப்புக் கற்களும் வெள்ளைக் கற்களுமே உண்டு. அவை யாவும் ஒரே தரத்தன. சீனத்தில் தோன்றிக் கொரியாவிலும் யப்பானிலும் வேரூன்றிய இவ்வாட்டத்துக்குக் குறுக்கே 19, நெடுக்கே 19 கோடுகள் வரைந்த பலகை வேண்டும். கோடுகள் சந்திக்கும் இடங்கள் 361. கறுப்புக் கற்கள் 181, வெள்ளை 180. கற்களால் வளைத்து இடம்பிடிப்பதே ஆட்டம்.

ஆட்டம் எளிது, கருவிகளோ எளியவை அல்ல. யப்பானிய மரபிலே வெள்ளைக் கற்கள் சிப்பி ஓட்டிலிருந்து கடையப்படுபவை. மியசாக்கி மாகாணத்து ஹியூகாக் கடற்கரைச் சிப்பி அருகிவிட்டமையால், மெக்சிக்கோவிலிருந்து ஓடு தருவிக்கின்றனர். பலகைக்குச் சிறந்தது கயா மரம். மிக மெல்லப் பருக்கும் அம்மரத்தின் தடித்த பலகை பல்லாயிரம் டொலர் விலைபெறும். ஏழை மாணவனுக்கு இவை எட்டாக்கனி அன்றோ?

இவ்விடத்திலேதான் மலிவுவிலைக் கருவி விற்கும் சிறு வணிகனின் பணி தொடங்குகின்றது. கண்ணாடிக் கற்கள், பிளாஸ்ரிக் கற்கள், சீனத்து யுன்னான் மாகாணத்தின் ‘யுன்சி’க் கற்கள், மடிக்கும் பலகை, சுருட்டி வைக்கும் விரிப்பு ஆகியவையே அவன் சரக்கு.

அவனுக்கு முதற் சோதனை சுமை. முழுத் தொகுதிக் கண்ணாடிக் கற்கள் ஏறக்குறைய 2 கிலோகிராம் நிறையுள்ளவை. கல்லின் விலை குறைந்தாலும் அனுப்புகூலி குறைவதில்லை. ஆகவே, அறிந்த வணிகன் தொடக்கநிலையாளருக்கு 9 கோட்டுப் பலகையைக் காட்டுவான். அதில் இடங்கள் 81 மட்டுமே. கற்களும் சுமையும் காற்பங்குக்கு மேற்படா. கற்பதற்கும் அதுவே ஏற்றது.

இரண்டாவது சோதனை வாய்மை. ஸ்புரூஸ் என்னும் வேறொரு மரத்தின் பலகையைச் ‘சின்கயா’, அதாவது ‘புதிய கயா’ என்று விற்கும் வழக்கம் உண்டு. அதற்கும் கயாவுக்கும் உறவில்லை. மலிந்த மரம் இழிந்த மரமன்று. அதன் பெயரை மறைப்பதே இழிவு. “இது கயா அன்று; ஆயினும் ஆடுவதற்கு நன்று” என்று கூறும் வணிகன் இன்று ஒரு விற்பனையை இழக்கக்கூடும். ஆனால், சிறு கடைக்கு மூலதனம் நம்பிக்கையேயன்றிப் பிறிதில்லை.

மூன்றாவது சோதனை புதியது. கைத்தொலைபேசியிலே செலவின்றி ஆடலாமே, கல் எதற்கு எனச் சிலர் வினவுவர். 2016 மார்ச்சில் சியோல் நகரில் ‘அல்பாகோ’ என்னும் கணினி நிரல், பெருவீரர் லீ செடோலை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றதும் உண்மையே. ஆயினும், எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தையும், கல்லைப் பலகையில் வைக்கும் ஓசையையும் திரையால் தரவியலுமா?

நம் முன்னோர் திண்ணையிலே கரியாற் கோடிழுத்து, புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் கொண்டு ஆடுபுலி ஆடினர். மாணவர்களுக்கு நாம் கூறுவதும் இதுவே: முதலில் கடதாசி அட்டையிற் கோடு வரைந்து, இருநிறப் பொத்தான்களால் ஆடிப் பாருங்கள். விருப்பம் நிலைத்தபின் கருவி வாங்குங்கள். நேர்மையான வணிகனும் அவ்வாறே சொல்வான், அவனிடமே வாங்குங்கள்.