கலங்கலும் தெளிவும்

கோவை மாநகரின் வடபகுதியில், சத்தியமங்கலம் சாலையில் அமைந்துள்ளது கணபதி. கோவை வட்டாரத்திற்குப் பெயர் தேடித்தந்த வார்ப்பாலைகள் இங்கும் உண்டு. உருகிய இரும்பை ஊற்றும் அச்சினை மணலும் பெண்டோனைட்டு என்னும் களிமண்ணும் கலந்து அமைப்பர். அம்மணலையும் களிமண்ணையும் ஒரு கண்ணாடிக் குவளை நீரிலிட்டுக் கலக்கி வைத்தால், மணல் சில நொடிகளில் அடியில் தங்கிவிடும். களிமண்ணோ மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும்.

இதற்குக் காரணம் யாது? துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால், அது விழும் வேகம் நூற்றில் ஒரு பங்காகிவிடுகிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே விட்டமுள்ள மணற்பொடி, அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ 13 நாள்கள் ஆகும். அன்றியும், களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. ஆதலின் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். ஒன்றுகூடிக் கனத்து விழவும் அவற்றால் இயலாது.

ஆகவே, துகள்களைக் கூட்டுவித்தலே நீரைத் தெளிவிக்கும் வழியாகும். நம் முன்னோர் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றிவைத்தனர். இவ்விதை நீரைத் தெளிவிக்கும் செய்தி கலித்தொகையிலேயே காணப்படுகிறது. படிகாரமும் அத்தொழிலைச் செய்யும். இக்காலத் தொழிற்சாலைகளில் பலபடிகள் பயன்படுகின்றன. சிறு மூலக்கூறுகள் பல்லாயிரம் சங்கிலிபோல் கோத்து நின்றால் அது பலபடி எனப்படும். அச்சங்கிலி பல துகள்களைப் பற்றி இணைத்து விரைவில் வீழ்த்திவிடும்.

ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. சங்கிலி பற்றிய பிடியை விடுவதில்லை. அதனால் அடியில் தங்கும் சேறு, அழுத்தப்படாத பஞ்சுப்பொதி காற்றைக் கொண்டிருப்பதுபோல, இடையிடையே நீரைச் சிறைப்படுத்தி வைத்திருக்கும். அந்நீரும் வீண், சேற்றைக் கொட்ட இடமும் மிகுதியாக வேண்டும். நீர் அருமையான கொங்கு நாட்டில் இது சிறு குறையன்று. நொய்யலாற்றில் 1992 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்திற்கு உதவாமல் சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. 2011 இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரை வெளியே விடாது மீட்டுப் பயன்படுத்தினாலன்றி அவை இயங்க முடியாத நிலை உண்டாயிற்று.

பிடிக்கவும் விடவும் வல்ல பலபடி ஒன்று உண்டு. பாலி ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு என்பது அதன் பெயர். பெயர்தான் நீளமே தவிர, அதன் இயல்பு எளியது. ஏறத்தாழ 32 பாகை செல்சியசுக்குக் கீழே அது நீரை விரும்பிக் கரைந்திருக்கும். அவ்வெல்லையைக் கடந்தால் நீரை வெறுத்துச் சுருண்டுகொள்ளும். அதன் தெளிந்த கரைசலை ஒரு புட்டியில் அடைத்துக் கோடை வெயிலில் வைத்தால் பால்போல் வெளுத்துவிடும். இரவின் குளிர்ச்சியில் மீண்டும் தெளியும்.

ஆஸ்திரேலியாவில் ஆய்வு நடத்திய ஜார்ஜ் பிராங்க்ஸ் என்னும் அறிஞர், இவ்வியல்பைப் பயன்படுத்திய ஆய்வை 2005 இல் வெளியிட்டார். கலங்கல் நீரில் இப்பலபடியைச் சேர்த்துச் சூடாக்கினால், அது துகள்களின்மேல் படியும். நீரை வெறுக்கும் அத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி விரைந்து விழும். பின்பு ஆறவிட்டால் பலபடி மீண்டும் நீரை விரும்பும், ஒட்டு நீங்கும். துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நெருங்கி அமர, இடையே அகப்பட்ட நீர் வெளியேறும். சேறு மேலும் இறுகும்.

இம்முறை தொழிற்சாலைகளில் இன்னும் பரவவில்லை. ஆயிரம் லிட்டர் நீரை 20 பாகை சூடாக்க 20,000 கிலோகலோரி வெப்பம் வேண்டும். எரிபொருட் செலவு ஆலையைத் தின்றுவிடும். ஆனால் எல்லாக் கழிவுநீரும் குளிர்ந்து வருவதன்று. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றுவது பெரும்பாலும் 60 பாகை அளவிலாதலின், அத்தொட்டி நீர் சூடாகவே வெளிவருகிறது. அதில் உப்பும் மிகுதி. உப்பு மிகுந்த நீரிலோ, 32 பாகை என்னும் எல்லை இன்னும் கீழே இறங்கிவிடும்.