பகலில் பறந்தும் கண்ணில் படாதவை

விளக்குப் பொறிக்கும் சிக்காமல், பட்டாம்பூச்சிப் பட்டியலிலும் சேராமல் நழுவும் அந்துப்பூச்சிகளைக் காப்பாற்றப் பொதுமக்களின் கண்கள் தேவை.

கொல்கத்தா பவானிபூரின் மொட்டை மாடிகளில் கந்தராஜுக்குத் தனி மரியாதை. கார்டீனியா இனத்தைச் சேர்ந்த மணமுள்ள வெள்ளைப் பூ அது. அதன் இலையில் வாலருகே கொம்புள்ள பச்சைப் புழு ஒன்று தென்பட்டால் வீட்டுக்காரர் மருந்துப் புட்டியைத் தேடுவார். தப்பிப் பிழைக்கும் புழு விசித்திரமான அந்துப்பூச்சியாகிறது. முதல் தடவை பறக்கும்போதே இறகின் செதில்கள் உதிர்ந்துவிட, கண்ணாடிச் சிறகுகளுடன் பட்டப்பகலில் பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கிறது. பார்ப்பவர்கள் பெரிய தேனீ என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

சிக்கல் இங்கேதான். இந்தியாவில் 10,000-க்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் உள்ளன. வெள்ளைத் துணி கட்டி, இரவில் விளக்கேற்றி அவற்றைக் கணக்கெடுப்பது வழக்கம். பகலில் பறப்பவற்றுக்கு இந்த வித்தை அவ்வளவாகப் பலிப்பதில்லை. பட்டாம்பூச்சி ஆர்வலர்களோ இவை தங்கள் இலாகா அல்ல என்று விட்டுவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் கொல்கத்தா இத்துறையின் தாய்வீடு. கோட்ஸ், ஸ்வின்ஹோ இருவரின் இந்திய அந்துப்பூச்சிப் பட்டியலை 1887-89-ல் இந்திய அருங்காட்சியகம் வெளியிட்டது. 1916-ல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தலைமையகம் பவானிபூருக்குப் பக்கத்தில், நியூ அலிப்பூரில் இருக்கிறது. ஆனால் பெட்டியில் குத்திவைத்த பூச்சி, அது ஒரு காலத்தில் இருந்தது என்று மட்டுமே சொல்லும். குறைகிறதா என்று சொல்ல ஆண்டுதோறும் எண்ண வேண்டும்.

எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் சாட்சி. 'நியூ ஃபாரஸ்ட் பர்னெட்' என்ற பகல் அந்துப்பூச்சி இங்கிலாந்தில் 1927-ம் ஆண்டோடு மறைந்தது. 1963-ல் ஸ்காட்லாந்துக் கடலோரச் சரிவு ஒன்றில் மீண்டும் தென்பட்டது. ஆடுகள் மேய்ந்ததில் 1990-ல் எண்ணிக்கை சுமார் 20-ஆகச் சரிந்தது. வேலி போட்டு ஆடுகளைத் தடுத்ததும் ஆயிரக்கணக்கில் பெருகியது. கணக்கு இருந்ததால்தான் ஆபத்து தெரிந்தது.

அமெரிக்காவில் 2012-ல் தொடங்கிய அந்துப்பூச்சி வாரம் இப்போது ஜூலைக் கடைசியில் இந்தியாவிலும் நடக்கிறது. 'மாத்ஸ் ஆஃப் இந்தியா' இணையதளம் பொதுமக்களின் படங்களை நிபுணர் சரிபார்ப்புக்குப் பின் ஏற்கிறது. படம், தேதி, இடம், எந்தச் செடி — இவ்வளவுதான் தேவை. அரிய இனம் என்றால் சரியான இடத்தை ஊரறியச் சொல்லாமல் இருப்பது நல்லது, சேகரிப்பவர்கள் வந்துவிடுவார்கள்.

ஓர் இனம் உண்மையிலேயே அரிதா, அல்லது யாரும் கவனிக்கவில்லையா என்பதை இத்தகைய பதிவுகள்தான் தீர்மானிக்கும். கந்தராஜுக்கு மருந்தடிக்கும் முன் ஒரு படம் எடுத்துவைக்கலாம். இரண்டு இலை போனால் செடி ஒன்றும் செத்துவிடாது.