செய்வோன் பெயர் பிறக்கும் விதம்

பால்டிக் கடலோரத்தில் லாத்வியா என்றொரு சிறு நாடு உண்டு. ரீகா அதன் தலைநகர். அந்நாட்டு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறக்குறைய 15 இலட்சம் பேரே. வீட்டுக்குள் தமிழும் வெளியே வேற்றுமொழியுமாக வாழும் நமக்கு, அச்சிறு மொழி தன் சொற்களைத் தானே ஆக்கிக்கொள்ளும் வகை சுவை தருவதாகும்.

தொழில் செய்வோனுக்கு அவர்கள் வினையிலிருந்தே பெயர் அமைக்கின்றனர். 'லஸீத்' என்றால் படித்தல். 'லஸீதாய்ஸ்' படிப்பவன், 'லஸீதாயா' படிப்பவள். 'தாய்ஸ்' என்னும் இவ்விகுதி நீண்ட வினைகளுக்கு உரியது. முன்னொட்டு நீங்க ஓரசையாய் நிற்கும் வினையாயின் பெரும்பாலும் 'ஏய்ஸ்' வரும். 'கல்த்' என்பது இரும்பை அடித்து உருவாக்குதல், 'கலேய்ஸ்' கொல்லன். இது அங்கே குடும்பப் பெயராகவும் வழங்குகிறது.

நுட்பம் இனித்தான் உள்ளது. நெய்தலுக்கு 'அவுஸ்த்' என்பர். அப்படியாயின் நெசவாளன் 'அவுஸ்தேய்ஸ்' ஆகவேண்டுமே எனத் தோன்றும்; ஆவதில்லை. 'நெய்தேன்' என்பதற்கு அவர்கள் சொல் 'அவுது'. அவ்விறந்தகால அடியைப் பற்றியே 'அவுதேய்ஸ்' பிறக்கிறது. நெய்து காட்டியவனுக்கே நெசவாளன் என்னும் பட்டம் போலும்!

'ட்ஸெர்த்' என்பது குடித்தல். 'ட்ஸேரேய்ஸ்' என்றால் எதையேனும் பருகுபவன். 'ட்ஸேராய்ஸ்' என்றாலோ குடிகாரன். ஓருயிரெழுத்து மாறியதும் மனிதனின் மானம் போயிற்று! ஆயினும் 'ஆய்ஸ்' இழிந்த விகுதியன்று; உழவனுக்கு அவர்கள் இட்ட பெயர் 'அராய்ஸ்'.

வினையன்றிப் பெயர்ச்சொல்லினின்று ஆக்க வேண்டின் 'நியெக்ஸ்' துணைக்கு வரும். இரயில்வேக்காரராகிய நமக்கு இதில் தனி மகிழ்ச்சி. 'ட்ஸெல்ஸ்' இரும்பு, 'ட்ஸெல்ஷ்' பாதை. இரண்டும் கூடினால் நம் 'இருப்புப்பாதை'யே. அதில் பணிபுரிபவன் 'ட்ஸெல்ஸ்ட்ஸெல்நியெக்ஸ்'. நா இடறினால் அன்பர்கள் பொறுத்தருள்க.

சோவியத் ஆட்சிக் காலத்தில் அந்நாட்டு அலுவலகங்களில் ருஷ்ய மொழி ஓங்கி நின்றது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் லாத்விய மொழிக்கு ஆட்சிமொழி உரிமையை உறுதிசெய்தது. 1991இல் நாடும் விடுதலையை மீட்டது. தனியார் தொழில் மீண்டும் தலையெடுத்தபோது தொழில் முனைவோனுக்குப் பெயர் தேடி அயல்மொழிக்கு ஓட நேரவில்லை. மேற்கொள்ளுதல் எனப் பொருள்படும் 'உஸ்ஞெம்த்' என்னும் வினையிலிருந்து 'உஸ்ஞேமேய்ஸ்' வந்து நின்றது. கணினியைப் பயன்படுத்துவோனும் பயன்படுத்தலைக் குறிக்கும் அவர்கள் வினையிலிருந்தே பிறந்து 'லியெதுவதாய்ஸ்' ஆனான்.

இவ்விகுதி மனிதரோடு நிற்பதுமில்லை. 'ஸ்கைதீத்' எண்ணுதல், எண்ணுபவன் 'ஸ்கைதீதாய்ஸ்'. வீட்டுச் சுவரில் சுழலும் மின்சார மீட்டருக்கும் அதுவே பெயர்.