சாட்சியைத் தேடி எழுதுங்கள் உயிலை

கீழ்பென்னாத்தூர் பக்கம் இரண்டு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லையும் கிணற்றில் கால் பங்கும் ஓர் ஓட்டு வீடும் உள்ளவர் உயில் எழுத உட்கார்ந்தால், அவருடைய கவலையெல்லாம் வாசகத்தில்தான் இருக்கும். எந்த சர்வே நம்பர் யாருக்கு, மோட்டார் யார் முறை, வண்டிப்பாதை எந்த வரப்போரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பத்திர எழுத்தர் நான்கெல்லையோடு எழுதிவிடுவார். சாட்சி என்று வரும்போதுதான், பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவரைக் கூப்பிட்டு “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க” என்பார்கள். இந்த வரிசை தலைகீழானது. சொத்து விவரத்தில் நேர்ந்த சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. சாட்சி தேறாவிட்டால் உயிலே தேறாது.

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63-ஆம் பிரிவில் கேட்பது கொஞ்சம்தான். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், பதிவும் கட்டாயமில்லை. எழுதிவைப்பவர் கையெழுத்தோ கைநாட்டோ இடவேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது “இது நான் போட்டதுதான்” என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். சிக்கல் அவர் இறந்தபின் தொடங்குகிறது. உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க, சாட்சிகளில் ஒருவராவது உயிரோடும் வரக்கூடிய நிலையிலும் இருந்தால் அவர் கூண்டேறியாக வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு சொன்னதும் இதுதான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இதையே சொல்கிறது. வருபவர் தன் கையெழுத்தைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. மற்ற சாட்சியும் முறைப்படி கையெழுத்திட்டதை அவர் வாயிலாகவே மெய்ப்பிக்க முடியாமல், இன்னொரு சாட்சியையும் அழைக்காமல் விட்டால் உயில் நிரூபணமாகாது என்று ஜான்கி நாராயண் போயிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இருபது வருடம் கழித்து டீக்கடைக்காரரை எங்கே தேடுவது, தேடிப் பிடித்தாலும் அவருக்கு என்ன நினைவிருக்கும்?

“ரிஜிஸ்டர் பண்ணியாச்சே, அப்புறம் என்ன?” என்று கேட்பவர்களே அதிகம். பதிவால் பலன் இல்லாமலில்லை: தாள் தொலையாது, தேதியை மாற்ற முடியாது, எழுதியவர் நேரில் வந்ததற்குத் தடயம் இருக்கும். ஆனால் பதிவான மற்றப் பத்திரங்களுக்குச் சாட்சியை அழைப்பதில் காட்டப்படும் சலுகை உயிலுக்கு மட்டும் கிடையாது. சட்டமே அதைப் பெயர் சொல்லி விலக்கிவைத்திருக்கிறது. வெங்கடாசல ஐயங்கார் வழக்கில், 1958-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்றும் அடிப்படை. உயிலால் பெரும்பயன் அடைபவரே அதைத் தயாரிப்பதில் முன்னின்றிருந்தால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்றும், அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது என்றும் அது வகுத்தது. அப்பாவை காரில் ஏற்றி, பீஸும் கட்டி, நண்பர்கள் இருவரைச் சாட்சிக்குக் கூட்டிவந்த மகன் தன் வழக்குக்குத் தானே குழி வெட்டுகிறான்.

உயிலைக் காட்டிப் பட்டா மாற்றிவிட்டால் கதை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. பட்டா வருவாய்த்துறைப் பதிவுதான், உரிமையைத் தீர்மானிப்பது சிவில் நீதிமன்றம். கீழ்பென்னாத்தூர்க்காரர் தன் ஊர் நிலத்துக்கு ஊரிலேயே எழுதிய உயிலுக்கு ப்ரொபேட், அதாவது உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று, என்றுமே கட்டாயமாக இருந்ததில்லை. சென்னை நகரச் சொத்துக்கு நெடுங்காலம் இருந்த கட்டாயத்தையும் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. ஆனால் தகராறு வந்தால் நிரூபிக்க வேண்டிய சுமை நீங்கவில்லை. முன்பு ப்ரொபேட் மனுவில் முதலிலேயே பார்க்கப்பட்ட சாட்சியம், இனிப் பங்கு கேட்டுத் தங்கை வழக்குப் போடும் நாளில் பார்க்கப்படும்.

தங்கை என்றதும் இன்னொன்று. உயில் இல்லாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தந்தையின் தனிச்சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமபங்கு. நம் பக்கத்தில் பல உயில்கள் எழுதப்படுவதே மகளை விடுவதற்குத்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. சட்டம் அதைத் தடுக்கவில்லை, ஆனால் காரணம் சொல்லாமல் வாரிசை ஒதுக்குவதும் நீதிமன்றத்தின் சந்தேகப் பட்டியலில் வரும். கூட்டுக் குடும்பச் சொத்தென்றால் தந்தை தன் பங்கை மட்டுமே எழுத முடியும். மகளின் பங்கில் கைவைக்க முடியாது.

இத்தனை தொல்லைக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடலாமே என்பார்கள். அதில் பிற்காலத் தகராறு குறைவு என்பது உண்மை. ஆனால் கொடுத்ததைத் திரும்பப் பெறுவது கடினம். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தில் வழியிருந்தாலும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததா என்ற கேள்வியில் அது மாட்டிக்கொள்ளும். உயிலை உயிருள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். ஆகவே தன்னைவிட வயதில் இளைய, சொத்தில் பங்கில்லாத, ஊரைவிட்டுப் போகாத இருவரைச் சாட்சியாக்குவது நல்லது. முடிந்தால் தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரை ஒருவராக வைத்துக்கொள்ளலாம். அவர்கள் தனக்கு முன்னால் இறந்துவிட்டால், கையெழுத்தை அடையாளம் காட்ட ஆள் தேடும் வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டாமல், புதிய சாட்சிகளோடு அதே உயிலை மறுபடி எழுதிவிடலாம்.